ஒரு ரிங் அடித்தால் நலம்: புதூரிலிருந்து குளத்தூர் கிடை வரை

பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை 5.40.

போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நின்றுவிடும் என்று நானும் என் வீட்டுக்காரியும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நிற்கவில்லை.

அது எங்களுக்கு ஏன் பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஆடு மேய்க்கிறேன். படிப்பு அஞ்சாவதோடு சரி. ஒரே மகன் செல்வம். வடக்கே ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அதன் பேர் இங்கே வேண்டாம். அவன் போன நாளிலிருந்து ஓர் ஏற்பாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ரிங் அடித்துக் கட் பண்ண வேண்டும். அடித்தால் நல்லா இருக்கிறான் என்று அர்த்தம். நாங்கள் எடுக்க மாட்டோம். நிற்காமல் அடித்தால் மட்டும் எடுப்போம். நான் வாலிபத்தில் வெளியூர் வேலைக்குப் போனபோது போனில் காசு மிச்சம் பிடிக்கப் பழகியது இது. இப்போது பேச்சுக்குத் தனிக் காசு கிடையாது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

ஒன்றரை வருடம். ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாளும் இரண்டாவது ரிங் வந்ததில்லை. பையன் கெட்டி என்று ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எடுத்தேன். நம்பர் செல்வத்தினுடையது. குரல் அவனுடையது இல்லை.

"அப்பா, நான் எமானுவேல். செல்வம் ரூம். செல்வம் வீட்டுக்கு வந்தானா?"

அறையில் கூட இருக்கும் பையன். ஆப்பிரிக்காவில் தான்சானியா என்ற நாட்டிலிருந்து வந்து படிக்கிறான் என்று செல்வம் சொல்லியிருக்கிறான்.

"வரலியே தம்பி. நேத்து ஏழு மணிக்கு ரிங் வந்துச்சே."

"அது நான் குடுத்தேன்."

எனக்கு விளங்கவில்லை.

"பன்னெண்டு நாளா நான்தான் குடுக்கறேன் அப்பா. அவன் எழுந்திரிக்கல. சாப்பிடல. ஏழு மணி, ஒரு ரிங், கட், அப்படிச் சொன்னான். நான் சாமி விஷயம்னு நினைச்சேன்."

செல்வம் திங்கட்கிழமை விடியற்காலையில் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டான். எமானுவேல் வாக்குத் தவறாமல் ஏழு மணிக்கு ரிங் கொடுத்திருக்கிறான். அதற்குமேல் அடிக்கக் கூடாது என்று செல்வம் சத்தியம் வாங்கியிருந்தானாம். மனசு கேட்காமல் ராத்திரி எமானுவேலே ரயில் ஏறிவிட்டான். இப்போது திண்டுக்கல் தாண்டி வந்துகொண்டிருக்கிறான்.

"கோவில்பட்டில எறங்கு தம்பி. நான் வாரேன்" என்றேன்.

என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. "நான் இங்கன இருக்கேன். வந்தாலும் வருவான். நீங்க போங்க" என்றாள். போனை என் கையில் திணித்தாள். பக்கத்து வீட்டு நம்பரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தாள்.

காலை 6.15. புதூர்.

விளாத்திகுளம் பஸ். நாகலாபுரம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இருபது ரூபாய். வெள்ளாமை எடுத்தாகிவிட்டது. மக்காச்சோளத் தட்டை நிற்கிறது. களத்தில் வத்தல் காய்கிறது. மற்றபடி கரிசல் வெறுமனே கிடக்கிறது, கால் நுழையும் அளவுக்கு வெடித்து. நாகலாபுரம் தாண்டியதும் காற்றாலைகள். ஒன்றும் சுற்றவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தேன். விளாத்திகுளத்தில் மாறி, எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி. இருபத்தெட்டு ரூபாய். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது 8.20.

காலை 8.45. கோவில்பட்டி ரயில் நிலையம்.

எமானுவேலைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. பிளாட்பாரத்தில் எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயரமான பையன். கண் சிவந்திருந்தது. தோளில் ஒரு பை. என்னைக் கண்டதும் குனிந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான்.

"அப்பா, மன்னிச்சுக்கோ. நான் முன்னாடி போன் பண்ணணும்."

"இருக்கட்டும். வா."

நாங்கள் முதலில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவரிடம் போனோம். செல்வத்தின் போட்டோவைக் காட்டினோம். வாங்கிப் பார்த்தார். பேரையும் உடுப்பையும் குறித்துக்கொண்டார். பிறகு என்னை மட்டும் தள்ளிக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நேத்துலேருந்து லைன்ல அடிபட்டதா ஒண்ணும் இல்ல. அதை மனசுல வச்சுக்கிடுங்க. வீட்டுக்குப் போற வழியெல்லாம் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள கெடைக்கலேன்னா ஸ்டேசன்ல எழுதிக் குடுங்க."

எமானுவேல் என்ன சொன்னார் என்று கேட்டான். வழியில் பார்க்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீக்கடையிலும் ஒரு பழக்கடையிலும் போட்டோவைக் காட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. எமானுவேல் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கினான். முப்பது ரூபாய். ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்து திரும்பும்போதும் செல்வம் அவனுக்கு அதுதான் வாங்கிப்போவானாம். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டான்.

காலை 9.50. கோவில்பட்டி – எட்டயபுரம்.

வந்த வழியே திரும்புவது, ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் விசாரிப்பது. வேறு யோசனை என்னிடம் இல்லை. பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் எமானுவேலைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"தான்சானியா அண்ணாச்சி."

முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பினார். "அது எந்தத் தாலுகா?"

"கோவில்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி" என்றான் எமானுவேல்.

பஸ்ஸே சிரித்தது. நானும் அவனைப் பார்த்தேன். அவன் வாய் மட்டும்தான் சிரித்தது.

உட்கார இடம் கிடைத்ததும் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தான். செல்வத்தின் தலையணைக்கு அடியில் இருந்தவை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் மனநலத்தைக் கவனிக்கும் ஒரு மேடம் எல்லாருக்கும் கொடுத்ததாம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே தாள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டியது. இங்கிலீஷில் இருந்தது. எமானுவேல் அவனுக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்.

"முதல் தாள், உன் பலம் என்ன. ஒண்ணுலேருந்து அஞ்சு வரை வட்டம் போடணும். செல்வம் போட்டது பாரு. பொறுமை, அஞ்சு. விடாம செய்யறது, அஞ்சு. நன்றி, அஞ்சு."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. என் பிள்ளை கெட்டிதான்.

"ரெண்டாவது தாள், ரெண்டு வாரமா எப்படி இருக்கே. தூக்கம் வரல, எல்லா நாளும். சாப்பாடு பிடிக்கல, எல்லா நாளும். எதுலயும் ஆசை இல்ல, எல்லா நாளும். நான் எதுக்கும் ஆக மாட்டேன், எல்லா நாளும்."

"ரெண்டும் ஒரே ஆள் எழுதுனதா?"

"ஒரே ஆள் அப்பா. ஒரே நாள். நான் பக்கத்துல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆட்டில் ஒன்று கத்தாமல் ஒதுங்கி நின்றால் நாங்கள் உடனே பிடித்து வாயைத் திறந்து பார்ப்போம். காதைத் தொட்டுச் சூடு பார்ப்போம். மகன் ஒன்றரை வருடம் கத்தாமல் இருந்தான். அதைக் கெட்டி என்றேன்.

அந்தக் கேள்விகளை எனக்கும் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் ஆபரேசன் நடந்த வருடம் எனக்குத் தூக்கம் கிடையாது. சோறு மண் மாதிரி இருந்தது. ஆடுகளை நடுக்காட்டில் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"நீ என்ன போட்டே?" என்றேன்.

"நான் சிரிப்புக்கு அஞ்சு போட்டேன்."

"ரெண்டாவது தாள்ல?"

அவன் தாளை மடித்தான். "எட்டயபுரம் வந்துச்சு அப்பா" என்றான்.

காலை 10.30. எட்டயபுரம் தாண்டி.

எட்டயபுரத்தில் இறங்கி விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அங்கும் யாரும் பார்க்கவில்லை. விடுதியில் மற்றப் பையன்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். காதல் தோல்வி என்று கிண்டல் செய்தார்களாம். அவனைத் தொந்தரவு பண்ணாதே, தானே எழுந்திரிப்பான் என்றார்களாம். எமானுவேலுக்கு அது புரியவில்லை.

"எங்க வீட்ல ஒருத்தர் இப்படிப் படுத்தா எல்லாரும் வந்து பக்கத்துல உக்காரும். பேச்சு இல்ல. சும்மா உக்காரும். நான் உக்காந்தேன். ஆனா கிளாஸ் இருக்கு, அட்டென்டன்ஸ் இருக்கு. நான் ஒரு ஆள்."

பிறகு முதல் தாளைத் திருப்பினான். பின்பக்கத்தில் செல்வத்தின் கையெழுத்து, பாதிப் பக்கம்.

"இது ஒரு கேள்வி. உன் பலம் உனக்குத் தெரிஞ்ச ஒரு நாள் எழுது."

"என்ன எழுதியிருக்கான்?"

எமானுவேல் விரல் வைத்து மெதுவாகச் சொன்னான். "நான் எட்டாவது படிச்சேன். லீவு. அப்பா ஆடு கடல் பக்கம். தூரத்துல உப்பு வெள்ளையா தெரியும். மழை வந்துச்சு. ஒரு ஆடு குட்டி போட முடியல. குட்டி கால் உள்ள மடங்கி இருக்கு. அப்பா கை பெருசு. என் கை சின்னது. நான் கை விட்டு காலை நிமித்தினேன். குட்டி உயிரோட வந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா முதல் பால் காய்ச்சி, முதல் டம்ளர் எனக்குக் குடுத்தார்."

குட்டியை எடுத்தவனுக்குத்தான் சீம்பாலில் முதல் டம்ளர். எங்களில் அது வழக்கம். நான் வழக்கத்தைச் செய்தேன். அவன் அதை இத்தனை வருடம் வைத்திருக்கிறான்.

உப்பு வெள்ளையாகத் தெரியும் இடம் என்றால் குளத்தூருக்குக் கிழக்கே. இந்த மாதமும் எங்கள் கிடை அந்தப் பக்கம்தான். கிடை என்றால், அறுவடை முடிந்த புஞ்சையில் உரத்துக்காக ஆடுகளை ராத்திரி அடைத்துப் போடுவது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு புஞ்சை மாறும். நானும் என் மைத்துனன் பரமனும் மாற்றி மாற்றி இருப்போம். நான் ஊருக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. இப்போது அங்கே பரமன்.

அவனுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். காட்டில் சார்ஜ் போட வழியில்லை. எப்போதும் அப்படித்தான்.

"வீட்டுக்குப் போகலை தம்பி. குளத்தூர் போறோம்" என்றேன்.

பகல் 12.40. குளத்தூர்.

விளாத்திகுளத்தில் முக்கால் மணி நேரம் பஸ் இல்லை. அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிறகு பதினைந்து கிலோமீட்டர், பதின்மூன்று ரூபாய்.

குளத்தூரில் உப்பு லாரிக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிடையைக் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை ரோட்டு மேலயே கெடந்துச்சு. இப்ப எடம் பேந்துருக்கும் அண்ணாச்சி. அங்கன கெழக்காம போய்ப் பாருங்க. ஆமா, யாரு இந்தத் தம்பி? கிடைக்கு ஆள் எடுக்க அம்புட்டுத் தூரம் போயிட்டியளா?"

"என் மகன் சேக்காளி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. லாரியில் ஏற்றி மூன்று கிலோமீட்டர் கொண்டுபோய் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை.

அங்கிருந்து நடை. நல்ல வெயில். சீமைக்கருவேல் தவிர நிழல் இல்லை. வழியில் மூன்று கிணறு. மூன்றிலும் போய் எட்டிப் பார்த்தேன். முதல் கிணற்றில் எமானுவேலும் கூட வந்து பார்த்தான். என்ன தேடுகிறேன் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இரண்டாவது கிணற்றுக்கு அவன் வரவில்லை. பாதையிலேயே நின்றுகொண்டான். உதடு அசைந்தது. மூன்றாவது கிணற்றுக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் அசையாமல் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிடை கிடந்த புஞ்சையைக் கண்டேன். புழுக்கை காய்ந்துவிட்டது. ஆட்டுத்தடம் கிழக்கே போகிறது. அதைப் பிடித்து நடந்தோம். நான் குளம்புத்தடத்தைப் பார்த்தேன். எமானுவேல் திடீரென்று குத்துக்காலிட்டான்.

"அப்பா. ஷூ."

புழுதியில் ஒரு ஷூத் தடம். குறுக்கே கோடு கோடாக. அவன் தன் காலைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினான். அதே கோடு.

"ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினோம். ஆஃபர். ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ."

தடம் ஆடுகளுக்குப் பின்னால் ஒரே சீராகப் போனது. சில இடத்தில் நின்று போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மதியம் 2.10. கிடை.

வெயிலுக்கு ஆடுகள் உடைமரத்து நிழலில் அமர்ந்திருந்தன. பரமன் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தான்.

"ஏலே பரமா."

எழுந்து உட்கார்ந்தான். "வாங்க அத்தான். என்ன இந்நேரம்? இதாரு?"

"செல்வம் எங்கல?"

"அந்தா, குட்டிக் கூட்டுக்குப் பின்னால கெடக்கான்."

கம்பை ஊன்றி நிற்பது போல எமானுவேலைப் பிடித்து நின்றேன்.

"எப்பல வந்தான்?"

"நேத்து பொழுது சாய வந்தான். நீங்கதான் மாத்தாளா அனுப்பியிருக்கிய, பரீட்சை லீவு போலன்னு நெனச்சேன். தொரட்டிக் கம்பைக் கையில குடுத்துட்டேன். பேச்சே இல்ல பயகிட்ட. படிச்சவன் நம்மகிட்ட என்ன பேசப் போறான்னு நானும் விட்டுட்டேன். ஏன், சொல்லாமலா வந்திருக்கான்?"

கிடைக்கு ஆள் வந்தால் மாத்தாள் என்றுதான் நாங்கள் நினைப்போம். கம்பைக் கொடுப்போம். ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் இல்லை. பரமனைக் குறை சொல்ல முடியாது.

குட்டிகளை அடைக்கும் பனையோலைக் கூட்டுக்குப் பின்னால் செல்வம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். எங்களைப் பார்த்தான். எழுந்திரிக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்பிட்டேம்ப்பா. நல்லா இருக்கேன்."

எமானுவேல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தோளோடு தோள் படும்படி. நான் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மகன் பக்கத்தில் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்தது எப்போது என்று தெரியவில்லை. ஒரு குட்டி கூட்டுக்குள் கத்தியது. தாய் எழுந்து வந்து சுற்றிவிட்டுப் போனது. பரமன் தள்ளி நின்று பார்த்தான். அவனும் வந்து உட்கார்ந்தான்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. எனக்குச் சொந்தமாகக் கேட்கத் தெரியவில்லை. அதனால் தாளில் இருந்ததைக் கேட்டேன்.

"ரெண்டு வாரமா தூக்கம் எப்படி?"

செல்வம் எமானுவேலைப் பார்த்தான். எமானுவேல் தரையைப் பார்த்தான்.

"இல்லப்பா."

"சாப்பாடு?"

"எறங்கல."

"எதுலயும் ஆசை?"

"இல்ல." கூட்டின் ஓலையைப் பிய்த்துக்கொண்டே, "காரணம் ஒண்ணும் இல்லப்பா. இருந்தா சொல்லியிருப்பேன். காரணம் இல்லாம என்னத்தச் சொல்லன்னுதான்" என்றான்.

"எதுக்கும் ஆக மாட்டேன்னு இருக்குதா?"

செல்வம் தலையை முழங்காலில் கவிழ்த்தான். முதுகு குலுங்கியது. எமானுவேல் கையை அவன் முதுகில் வைத்தான்.

"உங்கம்மாவுக்கு ஆபரேசன் ஆன வருசம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றேன். "நான் யாருகிட்டயும் சொல்லல. அது தப்பு."

செல்வம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

எமானுவேல் அப்போது கடலை மிட்டாயைப் பிரித்தான். வெயிலில் பாகு இளகி ஒட்டியிருந்தது. நாலு பேரும் பிய்த்துத் தின்றோம். செல்வம் ஒரு துண்டு தின்றான். சீட்டில் இருந்த நம்பருக்கு அடித்து என் வீட்டுக்காரியைக் கூப்பிடச் சொன்னேன். "இருக்கான்" என்றேன். அந்தப் பக்கம் அப்போதுதான் அழுகை கேட்டது.

புதன்கிழமை. கோவில்பட்டி.

மனநல மருத்துவரிடம் போனோம். டாக்டரம்மா இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். செல்வத்திடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "பொறுமைக்கு அஞ்சு போட்டவனுக்கும் இது வரும். பலம் இருக்குன்னா நோய் வராதுன்னு இல்ல. குணமாகும். ஆனா தனியா விடாதீங்க" என்றார். மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு லீவு லெட்டரும் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை எமானுவேலை ரயில் ஏற்றினோம். செல்வமும் வந்திருந்தான். ரயில் நகரும்போது எமானுவேல் ஒரு காலைத் தூக்கி ஷூவைக் காட்டினான். செல்வமும் தூக்கிக் காட்டினான்.

அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணி. வீட்டில் போன் அடித்தது. ஒரு ரிங். நின்றுவிட்டது. எமானுவேல் நம்பர். பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். பழக்கம்.

அவன் ஊர் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலே, கடலுக்கு அந்தப் பக்கம். அறையில் இப்போது அவன் ஒரு ஆள்தான். பஸ்ஸில் அவன் மடித்த தாள் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் திருப்பி அடித்தேன். எடுத்தான்.

"அப்பா, நல்லா இருக்கேன் அப்பா. வந்துட்டேன்."

"சரி தம்பி. ரெண்டு வாரமா தூக்கம் எப்படி?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. நான் போனை வைக்கவில்லை.